தைவான் வாள்சண்டைப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் எடுத்த வாள்சண்டைப் படங்கள் பளிச்சென்று கிடைக்கும்போது, 1970 வாக்கில் சின்ன பட்ஜெட்டில் வந்த தைவான் படங்களை ஏன் தேடிப் பிடிக்கிறீர்கள்?

பதில்: ஷா பிரதர்ஸிடம் சொந்த ஸ்டூடியோவும் செட்டும் இருந்தன. தைவானிலோ 1967இல் இயக்குநர் கிங் ஹூவின் 'டிராகன் இன்' படம் சக்கைப்போடு போட்டதும், கொஞ்சம் காசு வைத்திருந்தவர்கள்கூட வாள்படம் எடுக்க இறங்கிவிட்டார்கள். பெரிய செட் கட்டுப்படியாகாது. ஆற்றுப்படுகை, மலைச்சரிவு, நாணற்புதர் என்று வெளியிலேயே எடுத்தார்கள். அந்த வெயிலும் காற்றும் ஸ்டூடியோவில் வராது. எனக்கு அதுதான் பெரிய ஈர்ப்பு. கதை பெரும்பாலும் அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்குவதுதான், அதை விடுங்கள்.

கேள்வி: சுவர்மேல் தாவுவதை எப்படி எடுத்தார்கள்?

பதில்: பல படங்களில் டிராம்போலின், அதாவது ஏறிக் குதித்தால் மேலே எகிறவைக்கும் துள்ளுமேடை. கிங் ஹூவின் சண்டை இயக்குநர் ஹான் யிங்-சியேவும் அதைப் பயன்படுத்தியவர்தான். இன்னொரு வழி, சுவரிலிருந்து கீழே குதிப்பதைப் படம்பிடித்து ரிவர்ஸில் ஓட்டுவது. அங்கியின் ஓரத்தைப் பாருங்கள். ஆள் மேலே போகும்போது துணி கீழே இழுபட வேண்டும். அது மேல்நோக்கி விரிந்து நின்றால் ரிவர்ஸ்தான். இதைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் காட்சி எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது.

கேள்வி: என்னிடம் உள்ள விஎச்எஸ் டேப்பில் சண்டை போடும் இருவரில் ஒருவர்தான் தெரிகிறார்!

பதில்: அகலத்துக்கும் உயரத்துக்கும் 2.35:1 விகிதம் உள்ள அகலப் படத்தை டிவிக்காக 1.33:1 ஆக வெட்டியிருப்பார்கள். அகலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போச்சு, சப்டைட்டிலின் இரு முனைகளும் சேர்த்து. முழு அகலத்தில் கிடைத்தால், கீறல் விழுந்த பிரிண்ட்டானாலும் அதையே வாங்குங்கள்.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

பதில்: ஜோசப் குவோ இயக்கிய 'தி ஸ்வோர்ட்ஸ்மேன் ஆஃப் ஆல் ஸ்வோர்ட்ஸ்மென்', 1968. தைவானில் டிஜிட்டலில் மீட்டெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் வாங்கிய 35 எம்எம் பிரிண்ட் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. தூக்கிப் போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அந்தக் கால ஈஸ்ட்மேன் கலர் பிரிண்ட்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும்; மிஞ்சுவது சிவப்பு. நெகட்டிவே தொலைந்துபோன படமென்றால், உங்கள் சிவப்புப் பிரிண்ட்தான் மிச்சமிருக்கும் ஒரே பிரதியாகக்கூட இருக்கலாம். முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்; மற்ற ரீல்களிலிருந்து உடனே பிரித்துக் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அப்புறம் தாமதிக்காமல் ஸ்கேன் செய்துவிடுங்கள்.