ஒப்பந்தம் தருபவரிடமே சேமிப்பையும் கொடுக்கலாமா?

கேள்வி: ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் பத்து ஆண்டுகளாகச் சொந்தமாக மின்கம்பி வேலை செய்கிறேன். தனிநபர் நிறுவனமாகத்தான் பதிவு செய்திருக்கிறேன். வருமானம் ஒரு சீராக வருவதில்லை. இந்த ஆண்டு ஒரு பெரிய கட்டட ஒப்பந்தம் முடிந்து, வரிக்கு முன் 9 லட்சம் குரோனர் இலாபம் நிற்கிறது. ஒப்பந்தம் தந்தவர், தமது குழுமத்துக்குச் சொந்தமான வெளிநாட்டு வங்கியில் இதை வைப்பாகப் போட்டால் ஆண்டுக்கு 9 சதவீத வட்டி உறுதி என்கிறார். அடுத்த வேலையும் அவரிடமிருந்தே வரவேண்டும். மனைவி தயங்குகிறார். எங்கள் ஊரில் பிறந்த கோல்ஃப் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன் இப்படி ஓர் இடத்தில் பெரும்பணத்தை இழந்தும் மீண்டு வந்தாரே, நாமும் துணிந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

பதில்: அந்த வைப்பில் ஒரு குரோனர்கூடப் போட வேண்டாம். ஸ்டென்சனின் வாழ்க்கையை நீங்களே எடுத்துக்காட்டியதால், அதை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். அவர் இழந்த விதமும் மீண்ட விதமும் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

ஸ்டென்சனுக்கு விளம்பர ஆதரவு அளித்த நிறுவனங்களில் ஒன்று, அமெரிக்கரான ஆலன் ஸ்டான்ஃபோர்டின் நிதிக் குழுமம். 2008இல் கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் 2 கோடி டாலர் பரிசுக்கு ஒரே ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடத்தியவர் என்றால் பலருக்கு நினைவு வரும். அந்தக் குழுமத்தின் பெயரைத் தாங்கி விளையாடிய ஸ்டென்சன், தமது சேமிப்பிலும் கணிசமான பகுதியை அதே குழுமத்திடம் ஒப்படைத்திருந்தார். ஆன்டிகுவாவில் இருந்த அதன் வங்கி, அமெரிக்க வங்கிகள் தந்ததைவிடக் கணிசமாகக் கூடுதலான வட்டியில் வைப்புச் சான்றிதழ்களை விற்றது. புதிதாக வருபவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டி கொடுப்பதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. 2009 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடர்ந்தபோது, ஏறத்தாழ 700 கோடி டாலர் சம்பந்தப்பட்ட மோசடி வெளிப்பட்டது. ஸ்டான்ஃபோர்டுக்கு 2012இல் 110 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வைப்பாளர்களுக்கு ஏதாவது திருப்பித் தருவதற்கான வழக்குகளோ 2023 வரை இழுத்தன.

வருமானம் தருகிற கையும் சேமிப்பைக் காக்கிற கையும் அங்கே ஒன்றாக இருந்ததைக் கவனியுங்கள். அப்படி இருக்கும்போது அந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டுப் பார்க்க யாருக்கும் கூச்சம் வரும். அது சரிந்தால் வருவாயும் இருப்பும் ஒரே நாளில் போகும். உங்களுக்கு வந்திருக்கும் யோசனையின் அமைப்பும் இதுவேதான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருடைய தொழில் நொடித்தால் உங்கள் வேலையும் வைப்பும் சேர்ந்தே நொடிக்கும் என்பது அவருடைய நேர்மையைப் பொறுத்த விஷயமல்ல.

இனி மீண்டு வந்ததைப் பார்ப்போம். கோல்ஃபில் பந்தைக் குறைந்த அடிகளில் குழிகளில் போட்டு முடிப்பவரே வெல்வார். மோசடி வெளிவந்து மூன்று மாதங்களுக்குள், 2009 மே மாதம், ஃபுளோரிடாவில் நடந்த பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள் ஆட்டத்தை முன்னணியில் இருந்தவரைவிட ஐந்து அடிகள் பின்தங்கித் தொடங்கிய ஸ்டென்சன், ஒரு குழியில்கூட அதற்கு நிர்ணயித்த அடிகளுக்கு மேல் அடிக்காமல் 66 அடிகளில் சுற்றை முடித்து, நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார். பரிசு 17 லட்சத்து 10 ஆயிரம் டாலர். இழந்த பணத்தை அவருக்கு மீட்டுத் தந்தது இன்னொரு துணிச்சலான முதலீடு அல்ல, கைத்தொழில்தான். நான்கு நாளில் அவ்வளவு ஈட்டும் வழி உங்களுக்கும் எனக்கும் கிடையாது. ஆகவே அவரது மீட்சியை முன்மாதிரியாகக் கொண்டு இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அந்த ஈட்டும் திறனும்கூட அவருக்கு எப்போதும் கைகொடுத்ததில்லை. 2001இல் முதல் ஐரோப்பியப் பட்டத்தை வென்ற அதே ஆண்டில், பந்து எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாத அளவுக்கு ஆட்டம் கெட்டு, அயர்லாந்தில் ஒரு போட்டியில் ஒன்பது குழிகளோடு வெளியேறினார். அடுத்த பட்டத்துக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2009இல் உலகத் தரவரிசையில் 4ஆம் இடத்தில் இருந்தவர், 2012இல் 230ஆம் இடத்துக்கு இறங்கினார். பிறகு 2013இல் அமெரிக்கத் தொடரின் பருவப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையையும் ஐரோப்பியத் தொடரின் பருவப் பட்டமான ரேஸ் டு துபாயையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் வீரரானார். 2016இல் ஸ்காட்லாந்தின் ராயல் டிரூனில், கடைசிச் சுற்றின் முதல் குழியிலேயே மூன்று முறை பந்தை உருட்டி ஓர் அடியை இழந்த பிறகும், 63 அடிகளில் முடித்து, பில் மிக்கல்சனை மூன்று அடிகளில் வென்று ஓபன் பட்டத்தைப் பெற்றார். கோல்ஃபின் நான்கு பெரும்போட்டிகளில் ஒன்றை வென்ற முதல் ஸ்காண்டிநேவிய ஆண் வீரர் அவர்தான். இந்த ஏற்ற இறக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மதிப்புக் கூடுகிறது.

பெரிய பணம் வரும் ஆண்டு, வேலையே இல்லாத ஆண்டுக்கும் சேர்த்துத்தான் வருகிறது. 2013இல் ஸ்டென்சன் வென்ற ஃபெடெக்ஸ் கோப்பையின் 1 கோடி டாலரில் 90 லட்சம்தான் கையில் தரப்பட்டது. 10 லட்சம் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போனது. விருப்பத்துக்கு விடாமல் விதியிலேயே அப்படி வைத்திருந்தார்கள். உங்களுக்கு அப்படி விதி வகுக்க யாரும் இல்லாததால், நீங்களேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 9 லட்சம் முழுவதும் உங்களுடையது அல்ல. சுயதொழில் செய்வோரின் சமூகப் பங்களிப்பு ஏறத்தாழ 29 சதவீதம், அதற்கு மேல் உள்ளாட்சி வருமான வரி. இவற்றுக்குரிய தொகையை இன்றே தனிக்கணக்கில் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு வேலை குறையும் என்று தோன்றினால், இலாபத்தில் 30 சதவீதம் வரை ஒதுக்க நிதியாகக் காட்டி, ஆறு ஆண்டுகளுக்குள் ஒரு மெலிந்த ஆண்டில் வரிக்குக் கொண்டுவர ஸ்வீடனின் சட்டம் அனுமதிக்கிறது. இதை உங்கள் கணக்காளரிடம் அவசியம் கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு இது. மிஞ்சுவதில் குறைந்தது ஓராண்டுக் குடும்பச் செலவை, அரசின் வைப்புப் பாதுகாப்பு உள்ள உள்ளூர் வங்கியில் வையுங்கள். வட்டி குறைவுதான். ஆனால் வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 10 லட்சம் குரோனருக்குச் சற்று மேல் வரை அரசு பொறுப்பேற்கிறது. ஆன்டிகுவா வைப்பாளர்களுக்கு அது இல்லை. அதற்கும் மேல் மிஞ்சுவதை, ஐஎஸ்கே என்னும் முதலீட்டுச் சேமிப்புக் கணக்கில், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், கட்டணம் குறைந்த நிதியில் மாதாமாதம் போட்டுவரலாம்.

ஒப்பந்ததாரரிடம் எப்படி மறுப்பது என்பதுதான் உங்கள் உண்மையான சங்கடம் என்று நினைக்கிறேன். வேலை தருபவரிடம் சேமிப்பை வைப்பதில்லை என்பது குடும்பத்தில் எடுத்த முடிவு என்று நேராகச் சொல்லுங்கள். அந்த வங்கிக்கு ஸ்வீடனில் வைப்புப் பெற அனுமதி உண்டா என்பதை நிதிக் கண்காணிப்பு ஆணையமான ஃபினான்ஸ்இன்ஸ்பெக்‌ஷோனனின் பதிவேட்டிலும், அதன் எச்சரிக்கைப் பட்டியலிலும் முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வைப்புப் போட்டால்தான் அடுத்த வேலை என்று அவர் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அந்தச் சந்திப்புக்கு உங்கள் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.