கல்லூரி ஆசிரியருக்குக் கற்பித்தல் பயிற்சி எங்கே கிடைக்கும்?

முனைவர் பட்டம் முடித்து இப்போதுதான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருப்பதாகவும், பாடம் நடத்த யாரும் சொல்லித்தரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான ஆதங்கம். பள்ளி ஆசிரியருக்கு பி.எட். கேட்கிறோம், கல்லூரிக்கு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது பிஎச்.டி. போதும். மூன்றுமே வகுப்பறையைக் கற்றுத்தருவதில்லை.

இதற்காகவே 1986 கல்விக் கொள்கையை ஒட்டி பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இன்று அவற்றுக்குப் பெயர் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் உண்டு. புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சியில் முதலில் சேருங்கள். ஸ்வயம், என்பிடெல் ஆகிய இணையவழிக் கல்வித் தளங்களின் படிப்புகளை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

பதவி உயர்வுக்கான சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். கற்றதில் ஒன்றை மறுநாளே வகுப்பில் செய்துபாருங்கள். பாடத்தின் நடுவே ஒரு கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டு, கூகுள் ஃபார்மில் விடை வாங்கினாலே எங்கே புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.