முதல்ல சூடு, அப்புறம்தான் பால்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதி நாய்க்குட்டி பத்திதான். ஐப்பசி பொறந்தாலே இப்படித்தான், நம்ம ஊரு தெரு நாய்ங்க அதிகமா குட்டி போடுறது ஐப்பசியில இருந்து தை வரைக்கும், அடைமழை கொட்டுறதும் அதே சமயம்தான். அதனால இந்த வாரம் சமையல், முடி கொட்டுறது எல்லாம் லீவு.

அக்கா, தெருமுனையில வீடு கட்டுற இடத்துல நாலு குட்டி மழையில நனைஞ்சு கத்திட்டே கிடந்துச்சுங்க. கண்ணு கூட திறக்கல. வீட்டுக்கு தூக்கிட்டு வந்துட்டேன். அம்மா பசும்பாலை காய்ச்சி, என் பையனுக்கு வாங்கின சங்குல ஊட்டுறாங்க. ஒண்ணுக்கு மூக்கு வழியா பால் வருது. என்ன பண்றது? – தாம்பரம் வாசகி

மொதல்ல அந்த சங்கை கழுவி பரண்ல போடு தங்கச்சி. உனக்கு அன்னைக்கே மெயில்ல பதில் போட்டுட்டேன், ஆனா இதே தப்பை பத்து வீட்டுல பண்றாங்கன்னு தெரியறதால இங்கயும் எழுதறேன். நானும் பண்ணவதான். என் முதல் குட்டிக்கு, ஐஸ் மாதிரி இருந்த உடம்போட, மல்லாக்க படுக்க வெச்சு குழந்தைக்கு ஊட்டுற மாதிரியே சங்குல ஊத்தினேன், மூக்குல நுரை நுரையா வந்துச்சு, தும்மல்னு நெனச்சேன், விடியறதுக்குள்ள போயிடுச்சு. பால் நுரையீரலுக்குள்ள போயிருக்கு, அது அப்ப எனக்கு தெரியல.

பொறந்த குட்டிக்கு தன் உடம்பை தானே சூடா வெச்சுக்கத் தெரியாது. உடம்பு ஜில்லுன்னு இருந்தா குடல் வேலை செய்யாது, அந்த நேரத்துல ஊத்துற பால் செரிக்காம வயித்துலயே கிடந்து உப்பும். தெர்மாமீட்டர்ல 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ காட்டினா ஒரு சொட்டு பால் கூட கூடாது. துண்டால நல்லா துவட்டி, நைட்டிக்குள்ள உன் நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கோ, இல்லன்னா வாட்டர் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி ரெண்டு சுத்து துண்டு சுத்தி அட்டைப்பெட்டியில ஒரு ஓரமா வை. ஒரு ஓரம்னு சொல்றதை கவனி, பெட்டி முழுக்க சூடா இருந்தா பாவம் அதுங்க எங்க நகர்ந்து போகும்? அவசரப்பட்டு அடுப்பு பக்கத்துல காட்டாத, மெதுவா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல சூடு ஏறினா போதும். கத்துற குட்டியை பத்தி ரொம்ப பயப்படாத, கத்தி ஓய்ஞ்சு, ஒட்டிப் படுக்காம தனியா ஒதுங்கி கிடக்கு பாரு, அதுதான் மோசமான நெலமையில இருக்கு.

அப்புறம் பால். பசும்பால்ல நாய்ப்பால் அளவுக்கு கொழுப்பும் புரதமும் கிடையாது, லாக்டோஸ்தான் ஜாஸ்தி, வயித்தால போகும், அந்த சைஸ் குட்டிக்கு ஒரு நாள் வயித்தால போனா தண்ணி வத்தி முடிஞ்சுது கதை. பெட் ஷாப்ல நாய்க்குட்டிக்குன்னே பால் பவுடர் விக்குது, அதை வாங்கு. ராத்திரி கடை இல்லன்னா அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒரு கப் பால்ல ஒரு முட்டை மஞ்சக்கருவும் ரெண்டு ஸ்பூன் கெட்டித்தயிரும் அடிச்சு வெதுவெதுப்பா குடுக்கலாம். அளவு முதல் வாரத்துல 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 15ல இருந்து 20 மில்லி. 300 கிராம் குட்டின்னா நாளைக்கு 60 மில்லி, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏழு எட்டு மில்லி, ஆமா ராத்திரி ரெண்டு மணிக்கும்தான், அலாரம் வை. குப்புற படுத்து தலையை லேசா தூக்கின மாதிரி இருக்கணும், தாய்கிட்ட அப்படித்தானே குடிக்கும். பால் பாட்டிலை கவுத்தா சொட்டு சொட்டா விழணும், ஒழுகினா ஓட்டை பெருசு. மூக்கு வழியா வர்ற குட்டியோட வாயைத் திறந்து மேலண்ணத்துல பிளவு இருக்கான்னு பாத்துட்டு உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு, அதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. மூணு வாரம் வரைக்கும் அதுங்களுக்கு தானா ஒண்ணுக்கு ரெண்டுக்கு வராது, தாய் நக்கி நக்கிதான் போக வைக்கும். ஒவ்வொரு தடவை பால் குடுத்ததும் பஞ்சை வெந்நீர்ல நனைச்சு பிழிஞ்சு அடியில மெதுவா தடவு, மஞ்சளா நாலு சொட்டு வரும், அதைப் பாக்குறதுல வர்ற நிம்மதி இருக்கே, அனுபவிச்சாதான் தெரியும். சமையலறை தராசுல தினமும் ஒரே நேரத்துல எடை போட்டு காலண்டர்ல எழுது. பத்து நாள் வாக்குல பொறந்த எடை டபுள் ஆகணும், ஒரு நாள் ஏறலைன்னாலே டாக்டருக்கு போன் பண்ணு. கண்ணு 10ல இருந்து 14 நாள்ல தானா திறக்கும், பிரிச்சு விடாத.

அடுத்த தடவை யார் குட்டியைப் பாத்தாலும், மழையில நனையாம வயிறு ரவுண்டா அமைதியா தூங்குதுங்கன்னா தூக்காதீங்க. தாய் சோறு தேடி போயிருக்கும், தூரத்துல நின்னு ரெண்டு மணி நேரம் பாருங்க. தாய் வந்துட்டா அதுக்கு சோறு போடுங்க, நாலு குட்டியை நீங்க வளர்க்கறதை விட அது நல்லா வளர்க்கும்.

குட்டி மேல உண்ணியும் தெள்ளும் மொய்க்குது. பவுடர் போடலாமா, பாட்டி கற்பூரம் தேங்காயெண்ணெய் சொல்றாங்க. – திருச்சி வாசகர்

ரெண்டும் வேணாம் தம்பி. கற்பூரம் நாய்க்கு விஷம், நக்கிடும். தெள்ளுக்கு பேன் சீப்பு, உண்ணிக்கு சாமணம், பக்கத்துல சோப்புத்தண்ணி கிண்ணம், அவ்ளோதான். பல் ஈறு வெளுத்திருந்தா ரத்தம் உறிஞ்சிருச்சுன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட போங்க. வயித்துப் பூச்சி மருந்தை ரெண்டாவது வாரத்துலயே ஆரம்பிக்கணும், வயித்துப் பூச்சி தாய் வயித்துக்குள்ளயே குட்டிக்கு தொத்திடும்.

போன வருஷம் எங்க நாய்க்குட்டி பார்வோ வைரஸ் நோயில செத்துப்போச்சு. இப்ப ஃபாஸ்டர் பண்ண, அதாவது வேற வீடு கிடைக்கிற வரைக்கும் குட்டிங்களை வெச்சு வளர்க்க ஆசை, பயமாவும் இருக்கு. – கோவை வாசகி

பயம் நியாயம்தான்மா. அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், ஃபினாயில் எல்லாம் அதுக்கு ஒண்ணும் பண்ணாது. டைல்ஸ் தரையா இருந்தா மொதல்ல சோப்பு போட்டு கழுவிட்டு, ஒரு பங்கு லிக்விட் ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊற விட்டு துடைங்க, காயறதுக்கு முன்னாடி குட்டியை விடாதீங்க. மண் தரையும் தோட்டமும் சுத்தம் பண்ண முடியாது, அதனால அந்தப் பக்கம் விடாதீங்க. தடுப்பூசி ஆறாவது வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு 16 வாரம் வரைக்கும் போகணும். ஒரு ஊசியோட நிறுத்தினா போதாது, தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தியே சில சமயம் ஊசியை வேலை செய்ய விடாது. பழைய குட்டியோட கிண்ணம், மெத்தை எல்லாம் தூக்கிப் போடுங்க, மனசு வராதுதான்.

பால் பல்லுல குட்டி கடிச்சு லேசா ரத்தம். இவ்ளோ சின்ன குட்டிக்கு வெறி இருக்குமா? – மதுரை வாசகர்

இருக்கலாம். இதுல விளையாட்டே வேணாம். உடனே 15 நிமிஷம் ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கழுவுங்க, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீங்க, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி போங்க, ஊசி இலவசம். ரத்தம் வந்திருக்குன்னு சொல்லுங்க, அதுக்கு காயத்துலயே போடுற இன்னொரு மருந்தும் இருக்கு. ஃபாஸ்டர் பண்றதுன்னு முடிவு எடுத்தவங்க கடி வாங்குறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேட்டு தடுப்பூசி போட்டுக்கறது புத்திசாலித்தனம், நான் போட்டிருக்கேன்.

ஏழு வாரமா வளர்த்துட்டேன்கா. ரெண்டு வீட்டுல கேக்குறாங்க. குடுக்க மனசே இல்ல, வீட்டுக்காரர் ஒரு நாய்க்கே முறைக்கிறார். – வேலூர் வாசகி

வீட்டுக்காரர்னா புருஷனா ஹவுஸ் ஓனரா? யாரா இருந்தாலும் பதில் ஒண்ணுதான், குடுத்துடு. நீ வெச்சுக்கிட்டா அடுத்த மழைக்கு வர்ற குட்டிக்கு உன் வீட்டுல இடம் இருக்காது. எட்டு வாரம் முடியட்டும், அதுவரைக்கும் கூடப்பொறந்ததுங்களோட கடிச்சு விளையாடினாதான் எவ்ளோ பலமா கடிக்கலாம்னு கத்துக்கும். பொட்டைக்குட்டியை யாரும் கேக்க மாட்டாங்க, அதனால கருத்தடை ஆபரேஷனுக்கு நானே கூட்டிட்டு போறேன்னு சொல்லிப் பாரு, சில பேர் மனசு மாறுவாங்க. மாடியில கட்டிப்போட்டு வளர்க்கறேன்னு சொல்ற வீட்டுக்கு குடுக்காத. ஊசி போட்ட சீட்டைக் கையில குடு. அதுங்க படுத்திருந்த பழைய புடவையை ரெண்டா கிழிச்சு, துவைக்காம, ஆளுக்கு ஒரு துண்டு கூடவே அனுப்பு. முதல் ராத்திரி அது மேலதான் தூங்கும்.