38 வயதில், இரண்டு பிள்ளைகளுடன் இங்கிலாந்தில் தாதியர் படிப்பில் சேர முடியுமா?

முடியும், சகோதரி. நானும் நாற்பதை நெருங்கும்போது இரண்டு பிள்ளைகளுடன்தான் சேர்ந்தேன். அதுவரை லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றவன். இப்போது முதியோர் வார்டு ஒன்றில் பதிவு பெற்ற தாதியாக வேலை செய்கிறேன்.

வயதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை வேண்டாம். மேல் வயது வரம்பு என்று எதுவும் இல்லை. பிள்ளை குட்டிக்காரர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். உங்கள் கணவர் உணவகத்தில் இரவு வேலை செய்கிறார் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால், முழுக் கேள்வியும் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஏனென்றால் இது வகுப்புக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பும் படிப்பு அல்ல. மொத்தம் 4,600 மணி நேரம். அதில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், வைத்தியசாலையிலும் வெளியே நோயாளிகளின் வீடுகள் போன்ற இடங்களிலும் செய்யும் பயிற்சி. வார்டில் நீண்ட பகல் முறை என்பது பல இடங்களில் காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு முடியும். இரவு முறையும் வாரக் கடைசியும் உண்டு. எந்த வைத்தியசாலை என்பதையும் பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால், அந்த மணி நேரத்தைப் பின்னர் எப்படியும் நிரப்பியாக வேண்டும். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் நீண்ட கோடை விடுமுறையும் நமக்குக் கிடையாது. பாடசாலை மூடியிருக்கும் ஆறு வாரமும் நீங்கள் வார்டில் நிற்க நேரலாம்.

இனிப் பணம். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ சந்திக்கும் மூத்த தாதியர் யாராவது "இந்தப் படிப்பு இலவசம்தானே" என்பார்கள். அவர்கள் காலத்தில் அப்படித்தான். 2017 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு இங்கிலாந்தில், கட்டணத்தையும் அரசே கட்டிய அந்த உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 2025-26 கல்வியாண்டில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் 9,535 பவுண்ட் வரை, அதற்கு மாணவர் கடன் எடுக்கலாம். ஆனால் 2020 செப்டம்பரிலிருந்து என்எச்எஸ், அதாவது அரசின் தேசிய சுகாதார சேவை, ஆண்டுக்கு 5,000 பவுண்ட் தருகிறது. திருப்பிக் கட்டத் தேவையில்லை. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மேலும் 2,000. மனநலத் தாதியர் பிரிவு என்றால் இன்னும் 1,000. பயிற்சிக்குப் போகும் கூடுதல் பயணச் செலவையும் திரும்பக் கேட்கலாம். பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். இதெல்லாம் மாணவர் கடனுக்குத் தகுதி உள்ளவர்களுக்கு. நீங்கள் இன்னும் துணைவர் விசாவில் இருந்தால் கணக்கே வேறு, நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.

குழந்தைப் பராமரிப்பு மானியம் என்று ஒன்று இருக்கிறது. வருமானத்தைப் பொறுத்து, செலவில் 85 சதவீதம் வரை கிடைக்கும். ஆனால் பதிவு பெற்ற பராமரிப்பாளருக்குக் கட்டும் காசுக்கு மட்டும்தான். அம்மம்மா பார்த்துக்கொண்டால் ஒரு சதமும் வராது. அவர் காசு கேட்கப் போவதில்லை என்பது வேறு விடயம். சின்னவருக்கு 30 மணி நேர இலவசப் பராமரிப்பை நம்பியிருந்தால், அது வேலை செய்யும் பெற்றோருக்கானது. மாணவி என்ற தகுதி மட்டும் அதற்குப் போதாது. வைத்தியசாலையில் முழு நாள் நிற்பவரை "வேலை செய்யவில்லை" என்று சொல்லும் விதி எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

சேரும் வழி: ஊரில் உயர்தரம் படித்து நீண்ட காலம் ஆகிவிட்டதால், அண்மையில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். அதற்கு அருகில் உள்ள கல்லூரியில், பெரியவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் ஓராண்டு அக்சஸ் டிப்ளோமா செய்யலாம். அதற்கென எடுக்கும் கடன், பின்னர் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடியாகிவிடும். ஆங்கிலமும் கணிதமும் ஜிசிஎஸ்ஈ தரத்தில், அதாவது இங்கு பதினாறு வயதில் எழுதும் பாடசாலைத் தேர்வின் தரத்தில், வேண்டும்.

கணிதத்தை இப்போதே தூசி தட்டுங்கள். பட்டம் முடிக்குமுன் மருந்தளவுக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும், 98 எடுத்தாலும் தோல்வி. கணக்கு கடினமில்லை. 500 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 250 மில்லிகிராம் இருக்கிறது என்றால் 10 மில்லிலீட்டர். தசமப் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் அந்த நூறு.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தேநீரில்கூட மா போன்ற ஒரு பொடியைக் கலந்து தடிப்பாக்கித்தான் கொடுப்போம். தண்ணீராகக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எனக்கு அதைக் கற்றுத் தந்தவர் தாதி அல்ல, உதவியாளராக வேலை செய்த ஓர் அம்மா. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, தன் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கதிரையைப் போட்டார். கரண்டியில் சிறிதளவு. தொண்டை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று கேட்க ஒரு வார்த்தை பேசவைத்தார். அதன் பிறகுதான் அடுத்த கரண்டி. நோயாளி இரண்டு முறை துப்பினார், அவர் அவசரப்படவில்லை. பத்தொன்பது வயது மாணவர்கள் கணினியில் என்னைவிட வேகம். ஆனால் வாயைத் திறக்க மறுக்கும் ஒருவர் முன் கோபப்படாமல் அரை மணி நேரம் உட்காரும் பழக்கம், பிள்ளைக்குச் சோறு ஊட்டியவர்களுக்கு வார்டுக்கு வருமுன்பே இருக்கிறது. நேர்முகத்தில் பிள்ளைகளை மறைக்காதீர்கள்.

ஒரு சம்பளத்தில் வாடகை கட்ட முடியாது என்றால் பட்டப்படிப்பில் நேரடியாகச் சேராமல், முதலில் சுகாதார உதவியாளராக வேலைக்குப் போங்கள். அங்கிருந்து, சம்பளத்துடன் இரண்டு ஆண்டில், உதவியாளருக்கும் தாதிக்கும் இடைப்பட்ட பதவியான நர்சிங் அசோசியேட் ஆகலாம், பிறகு மேலே படித்து முழுத் தாதியாகலாம். காலம் கூடும், வீட்டு வருமானம் நிற்காது. இடத்துக்குப் போட்டி உண்டு, வேலை கொடுப்பவரின் சம்மதமும் வேண்டும்.

கணவரின் இரவு வேலை மாற்றக்கூடியதா என்பதை நீங்கள் எழுதவில்லை. மாலையில் நீங்கள் வார்டில் இருக்கும் நாளில் அவரும் ஐந்து மணிக்கு உணவகத்துக்குப் புறப்பட்டுவிட்டால், இடையில் உள்ள மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வரக்கூடிய ஒருவர், அவர் வராவிட்டால் இன்னொருவர். அந்த இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துவிட்டு விண்ணப்பத்தைத் திறவுங்கள்.