வளவு கேள்வி–பதில்: மஞ்சள் பூ மரங்கள்

கே: வீதியோரம் மஞ்சளாகப் பூத்த மரத்தின் படம் அனுப்பியுள்ளேன். கொன்றையா? (கோண்டாவில்)

ப: பூவை மட்டும் எடுத்து அனுப்பினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும். இலை, காய் இரண்டும் தேவை என்று எத்தனை தரம் எழுதுவது? பூங்கொத்து கீழே தொங்கி, காய் ஒன்றரை அடி நீளத்தில் உருண்டு கறுத்திருந்தால் திருக்கொன்றை. கொத்து நிமிர்ந்து, சிற்றிலை பொடியாக, காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருந்தால் இயல்வாகை.

கே: கொன்றை விதை போட்டு 3 மாதம், முளைக்கவில்லை. (கரவெட்டி)

ப: தோல் கல்லுப்போல. ஓர் ஓரத்தை அரத்தால் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊதிய விதையை மட்டும் நடுங்கள். பூவுக்கு 5, 6 வருடம் பொறுக்க வேண்டும்.

கே: நாள் தவறாமல் தண்ணீரும் யூரியாவும் விட்டும் கொன்றை பூக்கவில்லை, இலைதான் தழைக்கிறது. (இணுவில்)

ப: வேறென்ன தழைக்கும்? இரண்டையும் நிறுத்துங்கள். வெயில் நன்றாகப் படட்டும். நம் யாழ்ப்பாணத்து நிலத்தடி ஓட்டை விழுந்த சுண்ணக்கல். மேலே போடும் யூரியா கிணற்றுக்குத்தான் இறங்கும்.

கே: கொன்றை இலையெல்லாம் பச்சைப் புழு. என்ன மருந்து? (கோப்பாய்)

ப: ஒன்றும் வேண்டாம். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. மரம் திரும்பத் துளிர்க்கும். மருந்தும் கிணற்றுக்குத்தான் போகும்.

கே: வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டுகிறோம். பூவரசுகளை வெட்டி, அந்த இடத்தில் கனடாவில் இருக்கும் மகன் சொன்ன, மஞ்சளாகப் பூக்கும் தபெபூயா என்ற வெளிநாட்டு அலங்கார மரம் நடலாமா? கிணற்றுத் தண்ணீர் சவர் (உப்பு). (வேலணை)

ப: நீங்கள் வெட்டப்போவதே மஞ்சள் பூ மரம்தான், ஐயா. காலையில் மஞ்சளாக விரிந்து, நடுவே கருஞ்சிவப்புப் பொட்டோடு நின்று, பின்னேரம் சிவந்து வாடுகிற பூ. பூவரசு கடற்கரை மரம். உப்புக் காற்றும் சவர்த் தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டில்லை. மாரி தொடங்கக் கொப்பை வெட்டிக் கதியாலாக ஊன்றினால் காசில்லாமல் வேர்விடும். குழையை ஆட்டுக்குப் போடலாம், தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கலாம். தபெபூயா இதில் எதைத் தரும்? வேலிதானே என்று வெட்டி, சுற்றிவரச் சீமெந்து பூசிவிட்டு, அப்புறம் வளவு கொதிக்கிறது, நிழலுக்கு என்ன நடலாம் என்று எனக்கே கடிதம் போடுகிறார்கள்! மதில் அவசியமென்றால் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். நாலு பூவரசையாவது விடுங்கள். வருடா வருடம் மொட்டையடிக்காமல் ஓங்கவிட்டால் பூவையும் காண்பீர்கள். தபெபூயாவைப் பிறகு பேசுவோம்.

கே: பாலர் பாடசாலை வாசலில் மஞ்சள் அலரி? (சாவகச்சேரி)

ப: வேண்டவே வேண்டாம். விதை, பால், இலை எல்லாம் நஞ்சு, இதயத்தைத் தாக்கும். பிள்ளை வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆவரசு நடுங்கள்.

கே: மின்கம்பிக்குக் கீழே இயல்வாகை நடலாமா? (சுன்னாகம்)

ப: 50 அடி வளரும் மரம். சோளகக் காற்றில் கொப்பு முறியும். கம்பியிலிருந்தும் கூரையிலிருந்தும் 30 அடி தள்ளி, ஐப்பசி மழை இறங்கியதும் நடுங்கள். கிணற்றடியிலும் வேண்டாம்.