அறிவியலும் அரசின் கையொப்பமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பல்லுயிர் அழிவு பற்றிய உங்கள் கட்டுரையில் ஐபிபிஇஎஸ் அமைப்பின் அறிக்கைகளைச் சான்றாகக் காட்டியிருந்தீர்கள். அந்த அறிக்கைகளின் சுருக்கத்தை அறிஞர்கள் எழுதி முடித்த பிறகு, உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தந்தால்தான் அது வெளிவரும் என்று அண்மையில் அறிந்தேன். அரசுகளைக் கேள்வி கேட்க வேண்டிய அறிக்கையை அரசுகளே திருத்துமானால் அதில் அறிவியல் எவ்வளவு மிஞ்சும்? அறிஞர்கள் தனித்து நின்று உண்மையைச் சொல்லிவிடலாமே? எப்படியும் முடிவெடுப்பது அந்தந்த நாட்டு அரசுதான் என்னும்போது இத்தனை பன்னாட்டு ஏற்பாடுகளால் என்ன பயன்?

சுகன்யா

அன்புள்ள சுகன்யா,

அரசுகள் திருத்துகின்றன என்பதும் அதனால் இழப்பு உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் அறிவியல் பெரும்பாலும் தோற்பது அந்த அரங்கில் அல்ல என்பது என் கருத்து.

பல்லுயிருக்கும் சூழலமைவுச் சேவைகளுக்கும், அதாவது இயற்கை மனிதருக்குத் தரும் பயன்களுக்கும், உரிய அரசுகளுக்கிடையேயான மன்றமாகிய ஐபிபிஇஎஸ் 2012 ஏப்ரலில் பனாமா நகரில் நிறுவப்பட்டது. செயலகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. புதிய ஆய்வுகளைச் செய்வது அதன் வேலையல்ல. ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுவதே வேலை. முழு அறிக்கையின் இயல்களை எழுதுவோர் அறிஞர்கள். அவற்றில் அரசுகள் வரிவரியாகக் கை வைப்பதில்லை. நீங்கள் குறிப்பிடும் ஒப்புதல் கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்துக்கு மட்டும் உரியது. சுருக்கத்தின் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக விவாதத்துக்கு வரும். ஒரு நாடு மறுத்தால் அந்தச் சொற்கள் அடைப்புக்குறிக்குள் போய்விடும். ஒருமித்த கருத்து எட்டப்படும்வரை பேச்சு நீளும். ஆனால் எழுதிய அறிஞர்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு முடிவோடும் அது எந்த இயலிலிருந்து வந்தது என்ற குறிப்பும், ‘நன்கு நிறுவப்பட்டது’ முதலான நான்கு படிநிலைகளில் அது எதில் நிற்கிறது என்ற குறிப்பும் சேர்ந்தே வரும். ஆகவே ஒரு வாக்கியத்தை மழுங்கடிக்கலாம், சுற்றி வளைத்துச் சொல்ல வைக்கலாம், சில வேளைகளில் நீக்கவும் வைக்கலாம். இயலில் சான்றே இல்லாத ஒன்றை அங்கே நுழைப்பது எளிதல்ல.

2019 மே மாதம் பாரிஸில் 132 நாடுகளின் ஒப்புதலோடு வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 10 லட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன என்ற அதன் வரியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த எண் வந்த வழி இது: உலகில் சுமார் 80 லட்சம் விலங்கு, தாவர இனங்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு, அதில் சுமார் 55 லட்சம் பூச்சிகள். நன்கு ஆராயப்பட்ட விலங்கு, தாவரக் குழுக்களில் சராசரியாக 25 விழுக்காடு ஆபத்தில் இருப்பதாகத் தெரிகிறது. பூச்சிகளைப் பற்றிய தரவு குறைவு என்பதால் அவற்றுக்கு 10 விழுக்காடு என்ற தாழ்ந்த அளவையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் கூட்டினால் 10 லட்சத்தைத் தாண்டும். அறிக்கை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டது. இப்படிக் கவனமாகக் கட்டப்பட்ட எண்ணை 132 அரசுகள் ஏற்றுக்கொண்ட பிறகு, பல்லுயிர் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் குன்மிங்-மாண்ட்ரியல் பல்லுயிர்ச் செயற்சட்டகம் என்ற இலக்குத் தொகுப்புக்காகக் கூடியபோது, அழிவு நடக்கிறதா என்பது வாதப்பொருளாக இல்லை. யார் எவ்வளவு பணம் தருவது என்பதுதான் கடைசி நாள்வரை நீடித்த சச்சரவு. மழுங்கிய சில வாக்கியங்களுக்கு ஈடாகக் கிடைத்தது இது; எனக்கு இது நல்ல பேரமாகவே தோன்றுகிறது.

அறிஞர்கள் தனித்து நிற்கலாமே என்று கேட்கிறீர்கள். ஏறத்தாழ அப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் அழைப்பில் தொடங்கி 2005இல் வெளிவந்த ஆயிரமாண்டுச் சூழலமைவு மதிப்பீட்டில் 1,360க்கும் மேற்பட்ட அறிஞர்கள் பங்கேற்றார்கள். அதன் தரத்தில் குறை சொல்ல முடியாது. சூழலமைவுச் சேவைகள் என்ற கருத்து உலகெங்கும் பரவியதற்கு அதுவே முதன்மைக் காரணம். ஆனால் அது எந்த அரசின் ஒப்புதலையும் பெற்றதல்ல என்பதால் அதன் முடிவுகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எந்த அரசுக்கும் இருக்கவில்லை. ஐபிபிஇஎஸ் வேண்டும் என்ற பேச்சு வலுத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அறிவியல் எங்கே தோற்கிறது என்பதற்குத் திமிங்கல வேட்டையின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1946இல் கையெழுத்தான பன்னாட்டுத் திமிங்கல வேட்டை ஒழுங்குமுறை உடன்படிக்கையே, விதிகள் அறிவியல் முடிவுகளின் அடிப்படையில் அமைய வேண்டும் என்று சொல்கிறது. அதன்கீழ் அமைந்த திமிங்கல வேட்டை ஆணையத்துக்கு அறிவியல் குழுவும் இருந்தது. ஆனால் அண்டார்க்டிக் கடலின் வேட்டை வரம்பை இனவாரியாக வைக்காமல் ‘நீலத் திமிங்கல அலகு’ என்ற கணக்கில் வைத்தார்கள்: ஒரு நீலத் திமிங்கலத்துக்கு இரண்டு துடுப்புத் திமிங்கலம், அல்லது இரண்டரை கூனல் திமிங்கலம், அல்லது ஆறு சேய் திமிங்கலம் ஈடு. எந்த இனம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கேள்விக்கே அந்தக் கணக்கில் இடமில்லை. திமிங்கல எண்ணெய் வணிகத்தின் கணக்கை உயிரியல் என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். 1960இல் விலங்குத்தொகைக் கணிப்பில் தேர்ந்த மூன்று அறிஞர்களின் குழுவை அமர்த்தினார்கள். அவர்கள் வரம்பைக் கடுமையாகக் குறைக்கச் சொன்னார்கள். நாடுகள் ஆண்டுக்கணக்கில் தயங்கித் தயங்கிக் குறைத்தன. அலகு முறை 1972இல்தான் ஒழிந்தது. போதாக்குறைக்கு, சோவியத் கப்பல்கள் பல பத்தாண்டுகளாகப் பொய்க் கணக்கு அனுப்பியிருந்தது 1990களில் வெளிப்பட்டது; மறைக்கப்பட்டவை சுமார் 1,80,000 திமிங்கலங்கள். அறிவுரை வந்தபோதும் அதை நிறைவேற்றியாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கணக்கைச் சரிபார்க்க வெளியாரும் கப்பலில் இல்லை. அறிக்கையின் சொற்களை யார் திருத்தினார்கள் என்பதற்கும் இந்த அழிவுக்கும் தொடர்பே கிடையாது.

இதற்கு நேர்மாறானது 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ், அதாவது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கை. அதன் இரண்டாம் பட்டியலில் உள்ள ஓர் உயிரினத்தை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால், அந்த ஏற்றுமதி இனத்தின் பிழைப்புக்குக் கேடாகாது என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அறிவியல் ஆணையம் கருத்துச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் உரிமச் சீட்டு கிடையாது. கரீபியன் கடலின் ராணிச் சங்கு 1992இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. இறைச்சிக்காக அளவின்றிப் பிடிக்கப்படும் இந்த மெல்லுடலிக்கு ஒரு விசித்திரமான பலவீனம் உண்டு: ஆணும் பெண்ணும் கடல்தரையில் ஊர்ந்து போய் ஒன்றையொன்று கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு ஹெக்டேரில் வளர்ந்த சங்குகள் சுமார் 50க்குக் கீழே போனால் இணைசேர்வதே நின்றுவிடுகிறது என்று பகாமாஸ் கடலில் செய்த ஆய்வு காட்டியது. அதாவது கடைசிச் சங்கைப் பிடிப்பதற்கு வெகு முன்பே இனப்பெருக்கம் முடிந்துவிடும். போதிய அறிவியல் அடிப்படை இல்லாமல் ஏற்றுமதி நடப்பதாகக் கண்டு, ஹோண்டுராஸ், ஹைட்டி, டொமினிக்கன் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் சங்கு வணிகத்தை நிறுத்திவைக்கும்படி 2003இல் சைட்டீஸிலிருந்து பரிந்துரை வந்தது. உறுப்பு நாடுகள் வாங்க மறுத்தால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். மீன்வளத் துறையை எந்த அறிக்கையாலும் அசைக்க முடியாத இடத்தில், கடல்தரையில் சங்குகளை எண்ணிப் பார்க்க வைத்தது இந்த ஒரு நிபந்தனைதான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முடிவு அந்தந்த அரசுடையதுதான். ஆனால் வாங்கும் நாடும் விற்கும் நாடும் ஒரே விதியை ஏற்றிருந்தால்தான் அந்த முடிவில் அறிவியல் கேட்கப்படும். சைட்டீஸிலும் ஓட்டைகள் உண்டு. பல நாடுகளின் அறிவியல் ஆணையங்களுக்கு ஆளும் பணமும் போதாது. உள்நாட்டு வணிகத்தை அது தொடுவதே இல்லை. தரவிலும் ஏற்றத்தாழ்வு பெரிது: கோபன்ஹேகனில் செயலகம் கொண்ட ஜிபிஐஎஃப் என்ற, எந்த உயிரினம் எங்கே காணப்பட்டது என்பதைத் திரட்டும் திறந்த தரவுத்தளத்தில் பல கோடிப் பதிவுகள் குவிந்திருந்தாலும், அவற்றில் பறவைகளும் பணக்கார நாடுகளும்தான் மிகுதி; இனங்கள் மிகுந்த வெப்பமண்டல நாடுகளைப் பற்றித் தெரிந்தது குறைவு.

எனவே நீங்கள் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது ஒப்புதல் அரங்கை அல்ல, அதற்குப் பிறகு வரும் வாக்குறுதிகளை. 2010இல் ஜப்பானின் நகோயாவில் பல்லுயிரைக் காக்க நாடுகள் ஏற்ற 20 ஐச்சி இலக்குகளில் ஒன்றுகூட உலக அளவில் முழுமையாக நிறைவேறவில்லை என்று பல்லுயிர் உடன்படிக்கையின் செயலகமே 2020இல் அறிவித்தது. அந்த இலக்குகளைத் தவறவிட்டதால் எந்த நாட்டின் சரக்கும் துறைமுகத்தில் நிற்கவில்லை. 2022இல் மாண்ட்ரியலில் ஏற்ற 23 இலக்குகளுக்கும் அப்படிப்பட்ட கட்டாயம் கிடையாது. திருத்திய தேசியத் திட்டங்களை 2024 இறுதியில் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த மாநாட்டுக்குள் தர வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தும் பெரும்பாலான நாடுகள் தரவில்லை.

அன்புடன்