குதிரைத்திறனைப் பார்த்துப் புல்வெட்டி வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு ஏக்கர் புல்தரை. சமதளம், ஆங்காங்கே மரங்கள். டிராக்டர் வகை வாங்குவதா, இரண்டு லீவர் வைத்த ஜீரோ டர்ன் வாங்குவதா? எத்தனை அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) வேண்டும்?

பதில்: சமதளமும் மரங்களும் என்றால் ஜீரோ டர்ன். இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக ஓடுவதால் மரத்தை ஒட்டியே சுற்றி வந்துவிடலாம். டிராக்டர் வகையில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு வளையம் வெட்டுப்படாமல் மிஞ்சும். மண்ணோ சருகோ ஏற்றிய டிரெய்லரை அடிக்கடி இழுக்க வேண்டும் என்றால் மட்டும் டிராக்டர் வகைக்குப் போங்கள்.

டெக் 42 அங்குலம் போதும். அதாவது 107 செ.மீ. ஒரு பட்டையின் மீது அடுத்த பட்டை 10 செ.மீ. ஏற வேண்டும் என்பதால் உண்மையில் வெட்டுவது 97 செ.மீ. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் 5,820 சதுர மீட்டர். திரும்பும் நேரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் சுமார் 4,650. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர்தான். ஆக ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடியும். 54 அங்குலம் வாங்கினால் பன்னிரண்டு நிமிடம் மிச்சமாகும். ஆனால் அகலமான டெக் மேடு பள்ளத்துக்கு ஏற்ப இறங்கி ஏறாது, மேட்டில் மண் தெரியும்படி மழித்துவிடும்.

கேள்வி: 54 அங்குல டெக் வண்டி வந்து இறங்கிவிட்டது. பின்பக்கக் கேட் 48 அங்குலம். டெக்கை மட்டும் மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள். கேட்டை அகலப்படுத்துங்கள், அல்லது பிரிக்காத வண்டியாக இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள். டேப் எடுத்து ஒரு நிமிடம் அளந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. வாங்கப்போகிறவர்களுக்கு: 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம் மட்டும். புல் வெளியேறும் பக்கவாட்டுத் தகடு அதற்கு மேலும் 20 முதல் 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். கேட்டுக்கும் கொட்டகைக் கதவுக்கும் ஒப்பிட வேண்டியது கையேட்டில் உள்ள மொத்த அகலத்தை.

கேள்வி: இரண்டு வண்டிகள் பார்த்தோம். ஒன்று 17.5 குதிரைத்திறன், மற்றது 19. விலை வித்தியாசம் கணிசம். 19-க்குப் போகலாமா?

பதில்: முதலில் இரண்டு எஞ்சின்களின் கொள்ளளவு எத்தனை சிசி என்று பாருங்கள். இரண்டும் 500 சிசி ஒற்றை சிலிண்டராக இருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் ஸ்டிக்கரில்தான். ஒரே குடும்பத்து 500 சிசி எஞ்சின் 15.5, 17.5, 19 என்று பல எண்களோடு பல வண்டிகளில் விற்கப்பட்டிருக்கிறது.

இதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஸ்டிக்கரில் போடும் எண் 'மொத்தத் திறன்'. சோதனைக்கூடத்தில், ஏர் ஃபில்டரும் சைலன்ஸரும் கழற்றிய எஞ்சினில் அளந்தது. உங்கள் வண்டியில் அவை இரண்டும் இருக்கும், கூடவே வெயிலும் தூசும் இருக்கும், எனவே பிளேடுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. அமெரிக்காவில் புல்வெட்டி எஞ்சின்களின் குதிரைத்திறனைக் கூட்டிச் சொல்லி விற்றதாக வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2010-ல் அது சமரசத்தில் முடிந்தது, நிறுவனங்கள் நஷ்டஈடு கொடுத்தன. இன்று பல வண்டிகளில் குதிரைத்திறனுக்குப் பதில் சிசியும் டார்க்கும் (சுழற்று விசை) அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறீர்களே, அது இந்தப் பின்னணியில் வந்தது. கடைக்காரர் மட்டும் இன்னும் "எத்தனை எச்.பி. வேண்டும்?" என்றுதான் தொடங்குவார்.

அந்த ஒன்றரைக் குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பணத்தை வேறு மூன்று இடங்களில் போடுங்கள். முதலாவது, பின் அச்சோடு சேர்ந்த ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் அமைப்பு. அதன் மாடல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பல வீட்டு உபயோக டிராக்டர்களில் இருக்கும் டஃப் டார்க் கே46 என்ற மாடல் சமதளத்தில் புல் வெட்டுவதற்குச் சரியான பொருள். மேட்டில் சுமை இழுத்தால் எண்ணெய் சூடேறி இழுவை குறையும், கலப்பை போன்றவற்றுக்கு அது ஆகவே ஆகாது. இரண்டாவது, டெக்கின் தகடு. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும்: 13 கேஜ் சுமார் 2.3 மி.மீ., 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.5. "13 கேஜ், 10-ஐவிட உயர்ந்தது" என்று சொல்லித் தங்களிடம் விற்றதாகச் சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அது பச்சைப் பொய். மூன்றாவது, முன் அச்சு. வார்ப்பிரும்பு அச்சு பல ஆண்டு தாங்கும். மெல்லிய தகட்டை மடித்துச் செய்ததில் துளைகள் தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சரிவு. ஜீரோ டர்ன் ஏறும் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொல்கிறார்.

பதில்: ஏறும். இறங்கும்போது என்ன ஆகும் என்று அவரைக் கேளுங்கள். பெரும்பாலான ஜீரோ டர்ன் வண்டிகளின் முன்சக்கரங்கள் தானாகத் திரும்பும் வெறும் உருளிகள். திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் வேலை. ஈரப் புல்லில் அவை வழுக்கினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும்.

சரிவை அளந்துவிடுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மட்டப்பலகை வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடையே 17.5 செ.மீ. இருந்தால் 10 பாகை, 27 செ.மீ. இருந்தால் 15 பாகை. பெரும்பாலான கையேடுகள் 15-ஐ உச்ச வரம்பாக வைக்கின்றன, சில ஜீரோ டர்ன் மாடல்கள் 10-லேயே நிறுத்திவிடுகின்றன. டிராக்டர் வகையைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் உருளும். உருள்காப்புக் கம்பி உள்ள வண்டியில் பெல்ட் போட்டே உட்காருங்கள். வரம்பைத் தாண்டிய சரிவில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியே வேண்டாம், புதரோ படர்கொடியோ வளர்த்துவிடுங்கள்.

கேள்வி: சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. அந்த சுவிட்சின் ஒயரை இணைத்துவிடலாமா?

பதில்: கூடாது. நீங்கள் தவறி விழுந்தால் பிளேடை நிறுத்தப்போவது அந்த சுவிட்ச் ஒன்றுதான்.

கேள்வி: பாதிச் சுற்று சுற்றி ஸ்டார்ட்டர் திணறி நின்றுவிடும். மெக்கானிக் முதலில் பேட்டரி மாற்றினார், பிறகு சாலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார். மூன்று பில் கட்டியாயிற்று. இப்போது எஞ்சினே போய்விட்டது என்கிறார். ஒற்றை சிலிண்டர், ஆறு வருடப் பழசு.

பதில்: எஞ்சின் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அல்லது தெரியாதவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் தவறு எதுவும் இல்லை.

பெரிய ஒற்றை சிலிண்டரை அந்தச் சின்ன ஸ்டார்ட்டரால் முழு அழுத்தத்துக்கு எதிராகச் சுற்ற முடியாது. அதனால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் செய்யும்போது அது ஒரு வால்வை இம்மியளவு திறந்து அழுத்தத்தைக் கசியவிடும். ஓட ஓட வால்வு இடைவெளி கூடிவிட்டால் அந்தச் சின்ன மேடு வால்வைத் தொடாமலே போய்விடும். அழுத்தம் முழுதாக நிற்கும், ஸ்டார்ட்டர் பாதியில் முட்டி நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

செய்ய வேண்டியது: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, வால்வு மூடியைத் திறவுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் அழுத்தச் சுற்றில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதைத் தாண்டி 6 மி.மீ. இறக்குங்கள். உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்தச் சின்ன மேடு அளவைக் கெடுத்துவிடும். வால்வு இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். இந்த வகை 500 சிசி எஞ்சின்கள் பலவற்றில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மி.மீ., வெளியேற்றும் வால்வுக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. உங்கள் எஞ்சின் எண்ணுக்கான அளவைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ராக்கர் நட்டைத் திருகிச் சரிசெய்து, பூட்டுத் திருகை இறுக்கி, எஞ்சினை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி மறுபடி அளவு பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். வால்வு மூடியின் கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். அரை மணி நேர வேலை.

மெக்கானிக்கிடம் கழற்றிய மூன்று பொருட்களையும் திருப்பிக் கேளுங்கள். பழைய பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் வைத்தபின் 12.6 வோல்ட் காட்டி, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழாமல் நின்றால் அது நல்ல பேட்டரி. எந்தச் சோதனை செய்து மாற்றினார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மூன்று பில்லையும் வைத்துப் புகார் கொடுக்கலாம். இனி யாரிடம் கொடுத்தாலும் "பழைய பாகம் எனக்குத் திரும்ப வேண்டும்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புது பிளேடு போட்டும் புல் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படுகிறது.

பதில்: டெக் சாய்ந்திருக்கிறது. முதலில் டயர் காற்று. கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள் (முன்னால் 14, பின்னால் 10 பிஎஸ்ஐ என்பது பரவலான அளவு). ஒரு டயர் இறங்கியிருந்தாலே டெக் சாயும், அதை விட்டுவிட்டு டெக்கைத் திருகிப் பயனில்லை. பிறகு சமதளத் தரையில் நிறுத்தி, பிளக் ஒயரைக் கழற்றி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிளேடுகளைக் குறுக்காகத் திருப்புங்கள். இடது ஓர நுனிக்கும் வலது ஓர நுனிக்கும் தரையிலிருந்து உள்ள உயரம் 3 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். அடுத்து நீளவாக்கில் திருப்பி அளங்கள். முன் நுனி பின் நுனியைவிட 3 முதல் 6 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வெட்டிய புல்லையே பிளேடு மறுபடி வெட்டும், எஞ்சின் திணறும்.

பிளேடு தலைகீழாக இல்லையே? வளைந்த சிறகுப் பகுதி டெக்கை நோக்கி மேலே இருக்க வேண்டும். வெட்டும்போது எஞ்சின் வேகம் முழுதாக இருக்கட்டும். பாதி வேகத்தில் காற்று புல்லை நிமிர்த்தாது.

கேள்வி: டெக் பெல்ட்டுக்குப் பதில் அதே நீளத்தில் கார் பெல்ட் கிடைக்கிறது, பாதி விலை.

பதில்: வேண்டாம். டெக் பெல்ட் பல வண்டிகளில் கிளட்ச் வேலையும் செய்கிறது, வழுக்கிப் பிடிக்கும், முதுகுப்பக்கமாகவும் வளையும். அதற்காக உள்ளே கெவ்லர் போன்ற அராமிட் இழையும் வெளியே உராய்வு தாங்கும் துணியும் வைக்கிறார்கள். கார் பெல்ட் கருகி நீளும். நானும் ஒரு முறை அப்படி வாங்கிக் காசை வீணாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எண்ணெய்க் குச்சியில் அளவு ஏறியிருக்கிறது, பெட்ரோல் வாடை வருகிறது. ஓட்டலாமா?

பதில்: ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. டேங்கிலிருந்து பெட்ரோல் சிலிண்டர் வழியாக எண்ணெயில் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன எண்ணெயில் ஓட்டினால் பேரிங் போகும். ஊசியும் அதன் இருக்கையும் மாற்றுங்கள், எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கையால் மூடும் ஒரு வால்வு போடுங்கள். நிறுத்தும்போதெல்லாம் அதை மூடிவிடுங்கள்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. மீட்டரில் 180 மணி நேரம்தான்.

பதில்: மீட்டரின் ஒயரைக் கழற்ற ஒரு நொடி போதும். மிதியின் ரப்பரும் சீட்டும் தேய்ந்திருந்தால் அவற்றையே நம்புங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். எஞ்சினை நிறுத்தி, பிளக் ஒயரைக் கழற்றி, பிளேடு நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஸ்பிண்டில் (பிளேடு சுழலும் தண்டு) பேரிங் போய்விட்டது. ஸ்பிண்டில் பொருத்திய இடத்தைச் சுற்றித் தகட்டில் விரிசல் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அரை மணி நேரம் புல் வெட்டிய பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்பது. தேய்ந்த ஹைட்ரோஸ்டாட்டிக் குளிர்ந்திருக்கும்போது நன்றாகவே இழுக்கும், சூடான பிறகுதான் தளரும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆறு மாதம் பெட்ரோலோடு நிறுத்தியிருந்தேன். கார்புரேட்டர் அடைத்துவிட்டது. வாரண்டியில் செய்ய மறுக்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். பழைய பெட்ரோலால் வரும் அடைப்பு வாரண்டியில் சேராது என்று கையேட்டில் பெரும்பாலும் அச்சிட்டே இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் புதுப் பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, கார்புரேட்டர் வரை அது போய்ச்சேரப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோலைப் பெரும்பாலான சின்ன எஞ்சின்கள் ஏற்பதில்லை. அதையும் பார்த்து ஊற்றுங்கள். இந்த முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.